குன்னூரிலிருந்து தார்நாகாவுக்கு

தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழை பெய்யும் நாட்களில் ஐதராபாத்தில் வானம் தெளிந்து, குளிர் மெல்லத் தலைகாட்டும். தார்நாகாவின் காய்கறிக் கடைகளும் அப்போது நிறம் மாறுகின்றன. மெந்திகூர என்று இங்கே வழங்கும் வெந்தயக்கீரை, சிக்குடுகாய எனப்படும் அவரை, தோட்டகூர என்னும் தண்டுக்கீரை, காரட், முள்ளங்கி, பச்சைப் பட்டாணி ஆகிய யாவும் தை மாதம் வரை மலிந்து கிடக்கும். பெயர்கள்தாம் புதியவை, பெரும்பாலானவை நமக்குப் பழைய உறவினர்களே.

ஆயினும் நம் இலையில் இவற்றுக்குக் கிடைக்கும் இடம் யாது? சோறு நடுவில் வீற்றிருக்கும். காய் ஓரத்தில் ஒதுங்கும். அதனைத் 'தொட்டுக்கொள்ள' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று தமிழ் மண்ணில் தோன்றி, நம்மைப் போலவே ஐதராபாத்தில் குடியேறியது. அதன் வரலாறு அறியத்தக்கது.

நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் 1918-ஆம் ஆண்டு சர் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். தவிடு நீங்கத் தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வாழ்வோரை வாட்டிய நோய் அது. பின்னர் அவர் இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளைத் தனித்தனி எலிக் கூட்டங்களுக்கு அளித்து வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. அரிசியே மிகுந்து, பாலும் காயும் குறைந்த சென்னை மாகாண உணவு கடைசியில் நின்றது. நம் இலையின் குறையை எலிகள் எடுத்துக் காட்டின!

இத்தனைக்கும் அந்த மலையிலேயே காய்கறி செழித்திருந்தது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் முட்டைக்கோசு முதலியவற்றைப் பயிரிடச் செய்தார். இவற்றை 'இங்கிலீஷ் காய்கறி' என்று பெயரிட்டு, திதிச் சமையலில் சேர்க்காமல் விலக்கிய இல்லங்கள் பல. ஆனால் சத்துக்கு இங்கிலீஷ் காய்தான் வேண்டுமென்பதில்லை. 1935 முதல் குன்னூர் ஆய்வகத்தின் தலைவராயிருந்த ஆய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுகளின் சத்துக்களை அட்டவணையாக்கி வெளியிட்டார். கரோட்டீன் சத்தில் வெளிர்நிற முட்டைக்கோசைவிட முருங்கைக்கீரையும் தண்டுக்கீரையும் பன்மடங்கு உயர்ந்தவை என்பது இத்தகைய அட்டவணைகளால் தெளிவாயிற்று.

1958-இல் அந்த ஆய்வகம் தார்நாகாவுக்கு இடம்பெயர்ந்தது. 1960-இல் தலைமை ஏற்ற டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். 1969-இல் அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வை இழக்கும் கொடுமையை இந்நிறுவனம் ஆராய்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்சத்தை வாய்வழி அளிக்கும் தேசியத் திட்டம் 1970-இல் பிறந்தது. எனினும் மருந்து அவசரத்துக்கு உதவுவது. அன்றாடக் காவல் கீரையே. ஒரு பிடிக் கீரைக்கும் ஒரு குழந்தையின் கண்ணுக்கும் உள்ள தொடர்பை எண்ணும்போது, காயை ஓரத்தில் ஒதுக்க மனம் வருமா?

2024-இல் இந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்குரிய மாதிரி உணவில் கீரையும் காயும் சேர்ந்து 400 கிராம் இடம்பெற்றுள்ளன. தொட்டுக்கொள்ளும் அளவன்று அது!

சமைக்கும் முறையிலும் கருத்து வேண்டும். கழுவிய பின்பே நறுக்குக. நறுக்கிய பின் கழுவினால் நீரில் கரையும் சத்துக்கள் நீரோடு போகும். சிறிதளவு நீர் விட்டு, மூடி வேகவைத்து, மிகுந்த நீரை ரசத்தில் சேர்க்கலாம். கரோட்டீன் உடலில் சேரக் கொழுப்புத் துணை வேண்டும். எனவே நல்லெண்ணெய்த் தாளிதம் சுவைக்கு மட்டுமன்று. வெந்தயக்கீரையும் பாசிப்பருப்பும் கூடிய கூட்டு, காரட் பட்டாணிப் பொரியல், மொச்சையும் அவரையும் இட்ட குழம்பு இவையெல்லாம் இப்பருவத்தின் விருந்துகள்.

மார்கழித் திருவாதிரையில் களியோடு ஏழுகறிக் கூட்டுச் சமைத்தவர்கள் நம் முன்னோர். ஒரு நாள் விரதத்துக்கு அவர்கள் வகுத்த அந்த வழக்கத்தை, நேயர்களே, இக்குளிர்காலம் முழுவதற்கும் உரியதாக்கிக் கொள்வோம். ஏழு காய்க்கும் இங்கே பஞ்சமில்லை.