ஆடுபலகையில் அரசு: போர் விளையாட்டிலிருந்து நாகரிக விளையாட்டுக்கு (1780–1991)

ஆய்வுச்சுருக்கம்

போரையும் நாகரிக வளர்ச்சியையும் பொருளாகக் கொண்ட ஆடுபலகை விளையாட்டுகள் பெரும்பாலும் பொழுதுபோக்காகவே கருதப்படுகின்றன. அவற்றின் விதிகள், உருவான காலத்தின் அரசு பற்றிய எண்ணங்களைப் பதிவுசெய்துள்ள சான்றுகள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பிரஷியாவின் 'கிரீக்ஸ்ஷ்பீல்', பிரான்சிஸ் டிரெஷாமின் 'சிவிலைசேஷன்' ஆகிய இரண்டும் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆடுபலகை, கிரீக்ஸ்ஷ்பீல், சிவிலைசேஷன், விதி, அரசு.

முன்னுரை

சதுரங்கம் என்னும் சொல் யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையைக் குறிப்பது. பாரசீகம் வழியாக ஐரோப்பாவை அடைந்த இவ்விளையாட்டில் நிலம் ஒரே தன்மையுடையது. மலை, ஆறு, சதுப்பு ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. இரு தரப்பும் ஒன்றன் காய்களை மற்றொன்று முழுமையாகக் காணும். பிற்காலப் போர் விளையாட்டுகள் மாற்ற முயன்றவை இவ்விரண்டு இயல்புகளையே.

1. நிலமும் அறியாமையும்

பிரன்ஸ்விக் அரசவையைச் சார்ந்த கணித ஆசிரியர் யோகான் ஹெல்விக் 1780இல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். சதுரங்கத்தின் 64 கட்டங்கள் அதில் 1,617 ஆகப் பெருகின. கட்டங்களின் நிறம் நிலத்தின் தன்மையைக் காட்டியது. வருங்காலப் படை அதிகாரிகளுக்குப் போர்க்கலையைக் கற்பிப்பது அவருடைய நோக்கம். எனினும் படைகள் கட்டத்துக்குக் கட்டமே நகர்ந்தன.

இத்தடையை நீக்கியவர்கள் ரைஸ்விட்ஸ் குடும்பத்தினர். தந்தை ரைஸ்விட்ஸ் 1812இல் மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு நிலவடிவங்களை மாற்றி அடுக்கத்தக்க மேசை ஒன்றை வழங்கினார். பீரங்கிப்படை அதிகாரியான மகன் 1824இல் வெளியிட்ட விதிகள், 1:8000 அளவுடைய நிலவரைபடத்தை ஆடுகளமாக்கின. ஒரு சுற்று இரண்டு நிமிடப் போர்க்காலத்துக்கு இணையானது. சுடுதல் சோதனைகளில் கிடைத்த அளவீடுகளைக் கொண்டு இழப்பு அட்டவணைகள் அமைந்தன. தற்செயலைப் பகடை தீர்மானித்தது.

இவ்விதிகளின் மையம் நடுவர். ஆடுவோர் தம் ஆணைகளை அவரிடம் அளிப்பர். தம் படைவீரர் கண்ணுக்கு எட்டுவதை மட்டுமே அவர்கள் அறிவர். படைத்தலைவனின் அறியாமையையே விதியாக்கியது இவ்விளையாட்டின் புதுமை. தலைமைப் படைத்துறை அதிகாரி முப்லிங் இதனைப் பயிற்சிக்கு ஏற்றதெனப் பரிந்துரைத்தார். 1871ஆம் ஆண்டு பிரஷிய வெற்றிக்குப் பின் பிற நாட்டுப் படைகளும் இம்முறையை நாடின.

இங்கு எண்ணப்படுவன வீரர், தொலைவு, நேரம் ஆகியவையே. படை கடந்துசெல்லும் ஊர் வரைபடத்தில் உண்டு; அதில் வாழ்வோர் விதியில் இல்லை. போருக்கான காரணமும் ஆட்டத்துக்கு வெளியே முடிவு செய்யப்படுகிறது. அரசு ஏற்கெனவே இருக்கிறது. அது எவ்வாறு உருவாயிற்று என்ற வினா எழவில்லை.

2. குடியும் கருவூலமும்

இவ்வினாவை ஆட்டத்தின் பொருளாக்கியவர் பிரித்தானியரான பிரான்சிஸ் டிரெஷாம். அவருடைய 'சிவிலைசேஷன்' 1980இல் ஹார்ட்லேண்ட் டிரெஃபாயில் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் அவலான் ஹில் அதனைப் பதிப்பித்தது. களம் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதி. காலம் கற்காலம் முதல் இரும்புக்காலம் வரை. இதில் பகடை இல்லை. மோதலில் இரு தரப்பும் காய்களை இழப்பதால் போர் ஆதாயம் தருவது அரிது. மட்பாண்டம், வேளாண்மை, சட்டம், மருத்துவம் முதலிய அட்டைகளைப் பெறுவதே முன்னேற்றம். அவற்றின் விலையை ஈடுசெய்ய வாணிகம் இன்றியமையாதது.

விதிகளில் மிகுந்த கவனத்துக்குரியது காயின் அமைப்பு. ஒரே காய் ஒரு புறம் குடியைக் குறிக்கும். திருப்பிவைத்தால் கருவூலச் செல்வமாகும். நகரங்களுக்கான வரி ஒவ்வொரு சுற்றிலும் ஆடுவோரின் கையிருப்புக் காய்களிலிருந்து கருவூலத்துக்குச் செல்லும். களத்திலும் கருவூலத்திலும் காய்கள் மிகுந்து கையிருப்புக் குறைந்தால் வரி செலுத்த இயலாது. அந்நிலையில் நகரங்கள் கிளர்ந்து வேற்றரசின் வசமாகும். மக்களையும் பொருளையும் அரசு ஒரே அளவுகோலால் எண்ணுவதையும், அவ்வெண்ணிக்கை தவறினால் ஆட்சி குலைவதையும் விளக்கவுரை ஏதுமின்றி இவ்விதி உணர்த்துகிறது.

3. பேரிடர் யாருக்கு?

வாணிக அட்டைகளோடு பேரிடர் அட்டைகளும் கலந்துள்ளன. பஞ்சம், வெள்ளம், கொள்ளைநோய் ஆகியவற்றோடு குடிக்குழப்பமும் உள்நாட்டுப் போரும் அவற்றுள் அடங்கும். 1991இல் வெளிவந்த விரிவுப் பதிப்பில் அடிமைகளின் கிளர்ச்சியும் 'காட்டுமிராண்டிக் கூட்டங்களின்' படையெடுப்பும் சேர்ந்தன.

இவ்வகைப்பாடு ஆய்வுக்குரியது. வெள்ளமும் அடிமைக் கிளர்ச்சியும் ஒரே வரிசையில் வைக்கப்படும்போது, மனிதர் தம் விடுதலைக்காக மேற்கொண்ட செயல் இயற்கைச் சீற்றத்துக்கு நிகராகிறது. கிளர்ச்சி பேரிடராவது உடைமையாளரின் பார்வையில் மட்டுமே. அவ்வாறே நாடோடிக் குழுக்களுக்குத் தமக்கென நகரமோ அட்டையோ இல்லை. பிறர் வரலாற்றில் குறுக்கிடும் தீங்காகவே அவர்கள் தோன்றுகின்றனர். ஆடுவோர் எவரும் அடிமையின் இடத்தில் அமர இயலாது. போரைப் பின்னுக்குத் தள்ளிய விளையாட்டிலும் ஆளும் தரப்பின் கண் மாறவில்லை.

அரசின் இடத்தில் ஆடுபவரை அமர்த்தும் எந்த விளையாட்டிலும் இது தவிர்க்க இயலாதது என ஒருவர் மறுக்கலாம். இம்மறுப்பு ஓரளவு பொருந்தும். ஆயினும் படைத்தலைவனின் அறியாமையை விதியாக்க 1824இலேயே இயன்றுள்ளது. ஆகவே யாருடைய நிலையை விதியாக்குவது என்பது வடிவமைப்பாளரின் தெரிவு.

முடிவுரை

கிரீக்ஸ்ஷ்பீல் போரை அளவீடாக்கியது. சிவிலைசேஷன் குடியையும் வரியையும் வாணிகத்தையும் அளவீடாக்கியது. முன்னதில் குடிமக்கள் இடம்பெறவில்லை; பின்னதில் அவர்கள் காய்களாக இடம்பெற்றும் தமக்கென விருப்பமற்றவர்களாகவே உள்ளனர். கல்வெட்டையும் வரிக்கணக்கையும் வாசிக்கும் ஆய்வாளர், அவை யார் எழுதியவை, யாரை எண்ணாமல் விட்டவை என வினவுவது மரபு. ஆடுபலகையின் விதிநூலுக்கும் அதே வினா பொருந்தும். வரலாறு கற்பிக்க இவ்விளையாட்டுகளைப் பயன்படுத்தும் வகுப்பறையில், வென்றவர் யார் என்பதோடு ஆட்டத்தில் இடம்பெறாதவர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டும்.