ஓதுதல்

தமிழ் முஸ்லிம்களின் பேச்சு வழக்கில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் ‘படிக்க’வும் மதரஸாவுக்கு ‘ஓத’வும் போகிறார்கள். வேதத்துக்கும் தேவாரத்துக்கும் வழங்கிவந்த இப்பழந்தமிழ் வினை, ஓதப்படுவது என்று பொருள்படும் ‘குர்ஆன்’ என்னும் அரபுச் சொல்லோடு வெகு இயல்பாக இயைந்து நிற்கிறது. சேலம் நகரில் தமிழ் முஸ்லிம்களோடு கலந்து வாழும் உருது பேசுவோர், பாடம் படிப்பதையும் குர்ஆன் ஓதுவதையும் தொழுவதையும்கூட ஒரே வினையால் குறிப்பதை நோக்க, தமிழ் வழக்கின் இந்தப் பாகுபாடு நன்கு விளங்கும்.

‘அலிஃப் ஸபர் அ, அலிஃப் ஸேர் இ’ என்று உயிர்க்குறிகளைச் சேர்த்து ஒலிப்பதில் தொடங்கி, ‘தஜ்வீத்’ எனப்படும் ஒலிப்பு விதிகளில் முதிரும் ஓதலில், பொருளறிதல் கட்டாயமாக இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டில் அப்துல் ஹமீது பாகவி குர்ஆனைத் தமிழில் பெயர்த்தது இந்நிலையை மாற்றியது. இன்று கல்லூரி மாணவர்கள் கைப்பேசியிலேயே தமிழாக்கத்தைத் தேடிப் படித்து, ஓதியதற்குப் பொருள் கேட்பதை மார்க்கப் பற்றின் தளர்ச்சியாகக் கொள்வது பெரும் பிழை.

முழுநேர மதரஸாக்களில் பயிலும் முஸ்லிம் சிறார் 4 விழுக்காட்டிற்கு மேல் இல்லை என்று இந்திய முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் கூறியதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். ஏனையோரில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு ஓதுதல் என்பது காலையிலோ மாலையிலோ பள்ளிவாசலை ஒட்டிய ‘மக்தப்’ எனும் ஓதற்பள்ளியில் கழியும் சிறுபொழுதே.