பெரணி வித்தின் சரித்திரம்

பூவாமல் காயாமல் ஒரு செடி ஆண்டுதோறும் காடெங்கும் பல்கிப் பெருகுமானால் அதற்கும் வித்து என ஒன்று இருந்தே தீரவேண்டும், அது கண்ணிற் படவில்லையென்றால் மாயவித்தாகத்தான் இருக்கவேண்டும் என்று ஐரோப்பியக் கிராமவாசிகள் நெடுங்காலம் நம்பினார்கள். இந்தத் தர்க்கத்தின் முற்பாதியைக் குறைசொல்ல இடமில்லை. பிற்பாதிக்குத் துணைநின்றது, மூலிகையின் உருவமே அதன் குணத்தைப் புலப்படுத்தும் என்ற அக்கால வைத்திய சித்தாந்தம். காணாத வித்தைக் கைக்கொண்டவன் தானும் பிறர் கண்ணுக்குக் காணாதவனாவான் என்ற ஐதிகம் அதிலிருந்து பிறந்தது. ஜூன் 23-ஆம் தேதி, புனித யோவான் திருநாளுக்கு முந்திய இரவில், நடுநிசியில் அவ்வித்து உதிரும், கையால் தீண்டலாகாது, செடியின் கீழ் வெள்ளைத் துணி விரித்து ஏந்திக்கொள்ளவேண்டும் என்றெல்லாம் விதிகள் ஏற்பட்டன. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதற்பாகத்தில் ஒரு திருடன் இவ்வித்தின் மகிமையால் தாங்கள் மறைந்து உலவுவதாகப் பெருமை பேச, உடனிருப்பவன் அது வித்தின் மகிமையன்று, இருட்டின் உபகாரம் என்று மடக்குகிறான். கொட்டகைக்கு வந்த சாமானியருக்கு அந்த வேடிக்கை விளங்க வியாக்கியானம் தேவைப்பட்டிராது.

பதினாறாம் நூற்றாண்டின் ஜெர்மானிய மூலிகை நூலாசிரியர் ஹீரோனிமுஸ் போக் என்பவர், மந்திரமும் சடங்கும் ஒன்றுமின்றி, நான்கு ஆண்டுகள் அதே இரவில் பெரணிச் செடிகளின் கீழ்த் துணி விரித்துக் காத்திருந்து, கசகசாவை ஒத்த கரிய துகள்களைச் சேகரித்தார். மந்திரத்தை விட்டவர் பஞ்சாங்கத்தை விடவில்லையே என்று நகைக்கத் தோன்றும். எனினும் அந்நாட்டுப் பெரணிகள் பல முதிரத் தொடங்குவது கோடையின் நடுவிலேதான் என்பதை நினைத்தால், அவர் பிடித்த நாள் முற்றும் பிழையன்று.

அவர் துணியில் விழுந்தது எங்கிருந்து விழுந்தது என்பதை அறிய இலையைத் திருப்பிப் பார்ப்பதே போதும். ஐரோப்பியக் காடுகளில் சாதாரணமாக வளரும் ஆண்பெரணியின் இலைப்புறத்தில், நடுநரம்பின் இருமருங்கும் சிறுநீரக வடிவமான மெல்லிய சவ்வுகள் வரிசையாகக் காணப்படும். ஒவ்வொரு சவ்வின் அடியிலும் காம்புடைய நுண்பைகள் பல நெருங்கி நிற்கின்றன. ஒரு பைக்குள் பெரும்பாலும் ஸ்போர்கள் எனப்படும் நுண்துகள்கள் 64. அவை உருவாகும் பருவத்தில் பையின் உட்புற உயிரணுக்கள் தம்மையே கரைத்து அவற்றுக்கு உணவாக்க, மேலே கவிந்த சவ்வு வெயிலும் வறட்சியும் அணுகாமல் காத்து, முதிர்ச்சி வந்ததும் தானே சுருங்கி விலகிக்கொள்கிறது. பிறகு பையைச் சுற்றியுள்ள வளையத்தின் முறை. அவ்வளையத்து உயிரணுக்களுக்கு உட்சுவரும் பக்கச்சுவரும் தடித்தவை, வெளிச்சுவர் மட்டும் மெல்லியது. ஆகவே உள்ளிருக்கும் நீர் ஆவியாக ஆக, வெளிச்சுவர் உள்ளிழுக்கப்பட்டு, வளையம் பின்புறமாக வளைந்து பையைக் கிழித்து, இழுவிசை எல்லை கடந்த கணத்தில் பழைய நிலைக்கு வெடுக்கென்று மீண்டு ஸ்போர்களை வீசியெறிகிறது.

எல்லாப் பெரணிகளுக்கும் மூடுசவ்வு இவ்வாறே அமைவதில்லை. ஓர் இனத்தில் சவ்வு நடுக்காம்பில் நிற்கும் குடைபோல் இருக்கிறது. அடியாண்டம் என்ற அழகிய இனத்தில் இலையின் விளிம்பே மடிந்து மூடியாகிறது. பாலிபோடியத்தில் மூடியே கிடையாது. நம் வயல்வரப்பில் படரும் ஆரைக்கீரையும் பெரணி வர்க்கத்தைச் சேர்ந்ததே. அது தன் ஸ்போர்ப்பைகளை மொச்சை வடிவமான கடிய ஓட்டுக்குள் அடைத்துவைத்து, குளம் வற்றிய காலமெல்லாம் காத்திருக்கிறது.

ஸ்போர்ப்பைகளை நெகேமியா குரூ 1682-இல் வெளியிட்ட தாவர உடற்கூற்று நூலிலேயே வருணித்துவிட்டார். ஆனால் காண்பது வேறு, முளைப்பித்துக் காட்டுவது வேறு. ஜமைக்காவில் அறுவை வைத்தியராக இருந்த ஜான் லிண்ட்சே பெரணித் தூளை மண்ணில் தூவி, ஈரம் காத்து, உருப்பெருக்கியின் கீழ் மண்ணை வைத்துப் பார்த்துப் பார்த்து, தூள் பசுமை கொண்டு செதிலாக விரிந்து அதினின்று இளம்பெரணி எழுவதைக் கண்டார். அவருடைய கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1794-இல் பிரசுரமாயிற்று. அச்சங்கத்தின் ஸ்தாபகரான ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித், அதற்கு ஓராண்டு முன்னரே, மூடுசவ்வின் வடிவத்தையும் அது திறக்கும் திசையையும் கொண்டு பெரணி இனங்களைப் பகுக்கும் முறையை வகுத்திருந்தார். பயனுள்ள முறைதான், ஆயினும் ஓர் அங்கத்தின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றியது விவேகம் என்று எனக்குப் படவில்லை. முதிர்ந்த இலையில் சவ்வு உதிர்ந்துபோவதும் உண்டு. சவ்வில்லாத வட்டமான ஸ்போர்ப்பைத் தொகுதிகளை உடையவற்றையெல்லாம் தாவரவியலறிஞர் ஹூக்கர் போன்ற பெரியவர்களே பாலிபோடியம் என்ற ஒரே பெயரில் குவித்துவைத்ததனால், உறவில்லாத பல செடிகள் வெகுகாலம் ஒரு குடும்பமாகப் பாவிக்கப்பட்டன.

இத்தனைக்குப் பிறகும் இத்தூள் வித்தா அல்லவா என்ற கேள்வி நின்றது. லிண்ட்சே கண்ட அந்தப் பச்சைச் செதிலின்மேல் ஆணுறுப்புகள் இருப்பதைத் தாவரவியலறிஞர் நேகெலி 1844-இல் கண்டார். பெண்ணுறுப்புகளை 1848-இல் சுமின்ஸ்கி கண்டார். ஸ்போர் வித்தன்று, அது முளைத்துத் தோன்றும் செதில் ஒரு தனித் தலைமுறை, அதன்மேல் நீரின் துணையால் நிகழும் கருவுறுதலிலிருந்தே பெரணி பிறக்கிறது என்பதைப் பாசியினம் முதல் ஊசியிலை மரம் வரை ஒப்பிட்டு 1851-இல் நிலைநாட்டியவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். அவர் லைப்சிக் நகரில் தந்தையாரின் இசைநூற் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, கடை திறக்குமுன் விடியற்காலையில் நுண்பெருக்கியோடு அமர்ந்தவர். பல்கலைக்கழகப் படிப்பே இல்லாத அவரை ஹைடெல்பர்க் பல்கலைக்கழகம் 1863-இல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.