தொண்டும் ஊதியமும்

மாணவ நண்பர்களே,

உங்களுள் பலர் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பயின்றவர்கள். நண்பகல் மணி அடித்ததும் தட்டை ஏந்தி வரிசையில் நின்றவர்களும் உங்களிடையே இருப்பீர்கள். அன்று உங்களுக்குச் சோறிட்ட அம்மையாரின் முகம் இன்றும் நினைவிருக்கும். அவருக்கு மாதந்தோறும் கிடைத்த தொகை எவ்வளவு, அதற்கு என்ன பெயர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மன்னர்களின் போர்களை வரலாற்றில் படிக்கிறோம். ஊருக்கு உழைத்தவர்க்கு யார், எப்படிக் கூலி கொடுத்தார் என்பதும் வரலாறே. அதைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டம் 1871-இல் இயற்றப்பெற்றது. சாலை, பள்ளி, மருத்துவம், சுகாதாரம் ஆகிய பொறுப்புகள் உள்ளூர் நிதி வாரியங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. 1882-இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் வெளிவந்தது. மக்கள் தம் ஊர்க் காரியங்களைத் தாமே ஆளப் பழக வேண்டும் என்னும் உயர்ந்த நோக்கம் அதில் இருந்தது. அதன் பயனாக 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் தோன்றின. ஆனால் அவற்றின் முக்கிய வருவாய் எது? நிலவரியை ஒட்டி விதித்த சிறு மேல்வரியும், சுங்கச் சாவடி வசூலும், அரசு மனம் வைத்துத் தரும் மானியமுமே. கடமை பெரிது, பணப்பை சிறிது. பை சுருங்கும்போது முதலில் சுருங்குவது பணியாளரின் ஊதியம் அன்றோ!

அந்நாளில் தேர்ச்சி மானியம் என்றொரு முறை இருந்தது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர் தொகைக்கேற்பப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும். சோதனை நாளன்று ஊரில் காய்ச்சல் பரவியிருந்தால் ஆசிரியர் வீட்டு அடுப்பும் அணைய வேண்டியதுதான்.

உள்ளூர் அமைப்பு ஒன்று தானாகவே நல்ல காரியம் செய்ய முனைந்தபோது நேர்ந்ததையும் கேளுங்கள். 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் மாணவர்க்குப் பகலுணவு வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது வரையறை. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடுவதை அரசு ஏற்கவில்லை. 1925-இல் திட்டம் தடைப்பட்டது. உள்ளூர் மன்றத்துக்கு மனம் இருந்தது. பணப்பையின் முடிச்சோ வேறொருவர் கையில் இருந்தது.

1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் வழியே ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன. ஜில்லா போர்டுப் பள்ளிகள் பல அவற்றின் பொறுப்பில் வந்தன. அத்தகைய நடுநிலைப் பள்ளி ஒன்றில் 1979-இல் நான் இடைநிலை ஆசிரியனாகச் சேர்ந்தேன். சில மாதங்களில் சம்பளம் தள்ளிப் போகும். மளிகைக் கடையில் கணக்கு ஏறும். மூத்த ஆசிரியர் ஒருவர் வட்டிக் கணக்கு வரும் வாரத்தில் மட்டும் தம் வகுப்பை என்னிடம் விட்டுவிடுவார். "அதை நீங்கள் நடத்திவிடுங்கள், தம்பி, எனக்கு அந்தப் பாடம் வீட்டிலேயே நடக்கிறது" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார், எனக்குச் சிரிப்பு வராது.

1981 ஜூன் முதல் நாள் தொடங்கி, ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசுப் பணியாளர் ஆயினர். மாதம் முடிந்தால் சம்பளம் என்னும் உறுதி பிறந்தது. வேறு வேலை தேடிக்கொண்டிருந்த இளம் ஆசிரியர் சிலர் பள்ளியிலேயே நிலைத்தனர். ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஊர்ப் பள்ளியின்மீது ஊர் மன்றத்துக்கு இருந்த உரிமை தளர்ந்தது. ஊதியத்துக்கு உறுதி வேண்டி உரிமையை மேலே அனுப்பிவிட்டோம்.

மறு ஆண்டே, 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் பணியேற்றனர். கணவனை இழந்தோரும் ஆதரவற்றோரும் அவர்களுள் பலர். பிற்காலத்தில் நான் தலைமை ஆசிரியனாக இருந்தபோது, எங்கள் பள்ளிச் சமையலர் அம்மாள் ஒருநாள் ஒரு தாளை நீட்டி, "மதிப்பூதியம் என்றால் என்ன, சார்?" என்று கேட்டார். தமிழாசிரியன் அல்லவா? மதிப்பு, ஊதியம் என்று சொல்லைப் பிரித்துக் காட்டினேன். "இந்த இரண்டில் எனக்கு எது வருகிறது, சார்?" என்றார். முப்பது ஆண்டு இலக்கணம் நடத்திய எனக்கு விடை சொல்ல வரவில்லை.

அந்த வினா பின்னர் வேறு உருவில் உச்ச நீதிமன்றத்தையும் எட்டியது. 1975-இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளர்கள் வகிப்பது அரசுப் பதவி ஆகாது என்று, கர்நாடக வழக்கொன்றில் அந்நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில், குஜராத் வழக்கொன்றில், அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்றது. மதிப்பூதியம் என்று பெயரிட்டுக் கொடுப்பதும் சட்டத்தின் பார்வையில் ஊதியமே என்று தெளிவுபடுத்தியது. ஒரு சொல்லுக்கு நேர்ப்பொருள் கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

மாணவர்களே! தொண்டு என்பது உயர்ந்த சொல். செய்பவர் தம் பணியைத் தொண்டு என்று கருதினால் அது பெருமை. கொடுக்க வேண்டியவர் அச்சொல்லைக் காட்டிக் கூலியைக் குறைத்தால் அது சுரண்டல். 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என 29 பொருள்களை அது வரிசைப்படுத்தியது. தொடக்கக் கல்வியும், பெண்கள் குழந்தைகள் நலமும் அவ்வரிசையில் உள்ளன. நாளை நீங்கள் கிராம சபையில் அமர்வீர்கள். ஊருக்குப் புதிய நலப்பணி ஒன்று அறிவிக்கப்படும்போது கை தட்டுங்கள். தட்டிய பின் எழுந்து மூன்று வினாக்கள் கேளுங்கள். இதைச் செய்யப்போகிறவர் யார்? அவருக்கு ஊதியம் என்ன? அது எந்தப் பையிலிருந்து வரும்?