பெரீயா கல்லூரியின் மாணவர் உதவி முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கென்டக்கி மாநிலத்தில், புல்வெளிச் சமநிலம் முடிந்து கம்பர்லாந்து மலைத்தொடர் தலைகாட்டத் தொடங்கும் இடத்தில், லெக்ஸிங்டன் நகருக்குத் தெற்கே சுமார் 40 மைல் தொலைவில் இருக்கும் பெரீயா கல்லூரி, எந்தத் திருச்சபைப் பிரிவுக்கும் உட்படாத ஒரு கிறிஸ்தவக் கல்லூரியாகும். 1892 முதல் இக்கல்லூரி எந்த மாணவரிடமும் போதனைக் கட்டணம் வசூலித்ததில்லை. பொருள்வசதி குன்றிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கே இங்கு இடம் உண்டு. சேர்ந்தவர் ஒவ்வொருவரும் வாரத்திற்கு 10 மணி நேரமேனும் கல்லூரியில் ஏதாவதொரு வேலை செய்தாக வேண்டும். மற்றக் கல்லூரிகளில் மாணவர் உதவி என்பது நிர்வாகத்தின் ஒரு மூலையில் நடக்கும் காரியமாக இருக்க, இங்கே கல்லூரியின் அமைப்பே அந்த உதவியின் மீது எழுப்பப்பட்டிருப்பதால், இம்முறையைக் கூறுவது ஏறக்குறையக் கல்லூரியின் வரலாற்றையே கூறுவதாகும்.

இதனை நிறுவியவர் ஜான் கிரெக் ஃபீ என்னும் போதகர். அடிமைகளை வைத்திருந்த கென்டக்கிக் குடும்பமொன்றில் பிறந்து, அடிமை முறை கிறிஸ்தவ தர்மத்துக்கு விரோதமானது என்று துணிந்து, அதன் பொருட்டுத் தந்தையின் ஆதரவையும் இழந்த இவர், காசியஸ் கிளே என்னும் நிலக்கிழார் அளித்த நிலத்தில் குடியேறி, 1855-இல் ஓர் அறைப் பள்ளியொன்றைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே ஆலயமாகவும் பயன்பட்டது. 1859-இல் வகுத்த அமைப்பு விதிகளிலேயே, நல்லொழுக்கமுள்ள எவருக்கும் இயன்ற மட்டும் குறைந்த செலவில் கல்வி அளிப்பதும், உடலுழைப்புக்கு வேண்டிய வசதிகளைச் செய்து தருவதும் நோக்கங்களாகக் குறிக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் அடிமை முறையின் ஆதரவாளர்கள் ஆயுதங்களோடு வந்து ஃபீயின் கூட்டத்தாரை மாநிலத்தை விட்டே விரட்டினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்ததும் அவர்கள் திரும்பி வந்து மீண்டும் பள்ளியைத் திறந்தபோது, 1866-67ஆம் ஆண்டில் படித்த 187 பேரில் 96 பேர் கறுப்பர், 91 பேர் வெள்ளையர். மனிதர் அனைவரும் ஒரே இரத்தத்தினர் என்னும் வேதாகமக் கருத்தைத் தன் இலட்சிய வாசகமாகக் கொண்ட நிறுவனம் அதை வகுப்பறையில் அனுஷ்டித்துக் காட்டிய காலம் அது. பட்டப்படிப்பு 1869-இல் தொடங்கிற்று.

மாணவர் உழைப்பு ஆரம்பத்தில் அவரவர் தேவையையும் விருப்பத்தையும் பொறுத்ததாகவே இருந்தது. 1892-இல் தலைவராகிய வில்லியம் குடெல் ஃப்ராஸ்ட் காலத்தில்தான் அது முறையான ஏற்பாடாக உருப்பெற்று, 1906-இல் அனைவருக்கும் கட்டாயமாயிற்று. மலைநாட்டுக் குடும்பங்களில் ரொக்கப் பணம் அரிது. ஆனால் பெண்கள் கைத்தறியில் நெய்த கம்பளி விரிப்புகள் வீட்டுக்கு வீடு உண்டு. ஃப்ராஸ்ட் அவ்விரிப்புகளைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஈடாக ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல், கிழக்கு நகரங்களின் செல்வர்களிடம் அவற்றைக் காட்டி நன்கொடையும் திரட்டினார். இவ்வாறு தோன்றிய நெசவுச் சாலை இன்றும் நடக்கிறது. அதனோடு மரவேலையும் துடைப்பம் கட்டுதலும் மாணவர் கைத்தொழில்களாக நிலைத்து, அவற்றின் பண்டங்கள் வெளியூர்களுக்கு விற்பனைக்குச் செல்கின்றன. 1906-இல் முடிந்த ஃபெல்ப்ஸ் ஸ்டோக்ஸ் ஆலயத்துக்குப் பொருளுதவி செய்த சீமாட்டி, கட்டுவது மாணவர் கைகளாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார், அவ்வாறே கட்டினார்கள். தலைவரின் மனைவி தம் வீட்டுக்கு ஓயாமல் வந்து தங்கிய விருந்தினர்க்குச் சமைத்துச் சலித்துப்போனதன் பயனாக 1909-இல் எழுந்த பூன் டேவர்ன் என்னும் விடுதியிலும் மாணவரே பரிமாறுகிறார்கள்.

கைத்தொழில்கள் மட்டும் வேலையல்ல. பண்ணை, நூலகம், சமையற்கூடம், ஆய்வுக்கூடம், கணிப்பொறி அறை, அலுவலகங்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகளில் மாணவர்கள் பங்கிடப்படுகிறார்கள். முதலாண்டு மாணவர் பெரும்பாலும் நிர்வாகம் இட்ட வேலையைச் செய்கிறார். பின்னர்த் தம் பாடத்துக்கும் விருப்பத்துக்கும் ஏற்றதை நாடிச் செல்லவும், பிறரை மேற்பார்க்கும் நிலைக்கு உயரவும் வழி உண்டு. வேலைக்குச் சிறு ஊதியம் தரப்படுகிறது. வேலையின் தரமும் ஆண்டுதோறும் மதிப்பிடப்பட்டு, பாட மதிப்பெண் பட்டியலைப் போலவே தனியொரு உழைப்புப் பட்டியலில் பதிவாகிறது. வகுப்பில் முதல்வராக இருப்பவரும் கழிப்பறையைக் கழுவ நேரிடும் என்பதே இம்முறையின் சிறப்பு. எல்லாரும் உழைப்பதால் உழைப்பவர் என்னும் இழிவு ஒருவர் மீதும் ஒட்டுவதில்லை. உபகாரச் சம்பளம் பெறும் பிள்ளை மற்றவர் முன் கூசி நிற்கும் நிலையும் எழுவதில்லை.

ஆயினும் இவ்வுழைப்பினால் கல்லூரி நடக்கிறது என்று கொள்வது தவறு. வெளியார் பலர் அவ்வாறே எண்ணுகிறார்கள். செலவின் பெரும்பகுதியைத் தாங்குவது மூலநிதியின் வருமானமேயாகும். இன்ன காரியத்துக்கென்று நிபந்தனை விதிக்காமல் உயில் மூலம் வரும் சொத்துகள் யாவும் அன்றாடச் செலவுக்குப் போகாமல் மூலநிதியில் சேர வேண்டும் என்று அறங்காவலர் 1920-இல் செய்த தீர்மானம் இக்கல்லூரியின் வரலாற்றில் மிக முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். அந்நிதி இப்போது 100 கோடி டாலருக்கு மேற்பட்டது. நன்கொடையாளர் தரும் பணமும், ஏழை மாணவர்க்கு மத்திய அரசு வழங்கும் மானியமும் இதனோடு சேருகின்றன. உணவுக்கும் உறையுளுக்கும் ஆகும் செலவில் குடும்பத்தின் சக்திக்கேற்ற பங்கு மட்டும் கேட்கப்படுகிறது.

ஏனைய உதவிகளைச் சுருக்கமாகக் கூறலாம். மாணவர் அனைவருக்கும் மடிக்கணினி அளிக்கப்படுகிறது. மணமாகிக் குழந்தையுடனோ, தனித்த தாயாகவோ தந்தையாகவோ படிக்க வருபவர்க்கெனச் சுற்றுச்சூழலைக் கருதி அமைத்த குடியிருப்பும், குழந்தைகள் காப்பகமும் உள்ளன. இளங்கலை மாணவரின் குடும்பத்துக்கு இத்தகைய இடமளிக்கும் கல்லூரிகள் அந்நாட்டிலும் அதிகமில்லை. மனநல ஆலோசனையும் பாடத்தில் பின்தங்கியவர்க்குத் துணைப் பயிற்சியும் உண்டு. ஆன்மிகத் தேவைகளைக் கவனிக்கக் கிறிஸ்தவ மையம் ஒன்று இருக்கிறது. கல்லூரி கிறிஸ்தவத்தைத் தன் அடிப்படையாகச் சொல்லிக்கொண்டாலும், பிற சமயத்தாரும் சமயமற்றவரும் தடையின்றிச் சேர்க்கப்படுகிறார்கள். மாணவர்களும் பெறுவதோடு நிற்காமல், 1960-களின் இறுதி முதல் மலைக்கிராமப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தொண்டைத் தொடர்ந்து செய்து வருகிறார்கள்.

இம்முறையின் வரலாற்றில் களங்கமும் இல்லாமலில்லை. ஃப்ராஸ்ட் மலைநாட்டு வெள்ளையரின் வறுமையைத் தம் பிரசாரத்தின் மையமாக்கியபோது, கறுப்பு மாணவரின் விகிதம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஃபீ அதை வெளிப்படையாகவே கண்டித்தார். பின்னர் 1904-இல் கென்டக்கிச் சட்டசபை இரு இனத்தாரையும் ஒரே நிறுவனத்தில் படிப்பிப்பதைத் தடுக்கும் டே சட்டத்தை நிறைவேற்றிற்று. அதை எதிர்த்து நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்ற கல்லூரி 1908-இல் தோற்றது. நீதிபதி ஹார்லன் மாறுபட்ட தீர்ப்பு எழுதியதும் பயன்படவில்லை. வெளியேற்றப்பட்ட கறுப்பு மாணவர் பிற கல்லூரிகளில் படிக்கக் கல்லூரி உதவியது. லூயிவில் நகரருகே அவர்களுக்கென லிங்கன் பயிற்சிப் பள்ளியை நிறுவவும் நிதி திரட்டித் தந்தது. அது இழந்ததற்கு ஈடாகுமென்று சொல்ல முடியாது. கறுப்பர் வரலாற்றியலின் முன்னோடியாகிய கார்ட்டர் உட்சன் இங்கே பட்டம் பெற்றது 1903-இல். ஓராண்டு பிந்தியிருந்தால் அவருக்கும் கதவு மூடியிருக்கும். 1950-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே கறுப்பு மாணவர் இக்கல்லூரிக்குத் திரும்பினார்கள்.

அண்மைக் காலத்தில் எழுந்த சோதனை வேறு விதமானது. ஒரு மாணவருக்கு 5 லட்சம் டாலருக்குக் குறையாத மூலநிதியுடைய தனியார் கல்லூரிகளின் நிதி வருமானத்தின் மீது 2017-இல் அமெரிக்கக் காங்கிரஸ் 1.4 சதவீத வரி விதித்தபோது, பணக்காரக் கல்லூரிகளுக்காக வகுத்த வலையில் ஏழைகளின் கல்லூரியாகிய பெரீயாவும் சிக்கிக்கொண்டது. 2018-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, கட்டணம் செலுத்தும் மாணவர் 500 பேராவது உள்ள கல்லூரிகளுக்கே அவ்வரி உரியது என்று வரையறுக்கப்பட்டது. கட்டணம் செலுத்துபவர் ஒருவரும் இல்லாமையால் பெரீயா அதிலிருந்து விடுபட்டது.