வரம்பும் பிடித்தமும்: இடம்பெயர்ந்தவரின் சம்பளச் சீட்டு குறித்துச் சில சரித்திரக் குறிப்புகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கிக் கம்பி இழுக்கும் மில் ஒன்றில் காண்டிராக்டர் கணக்கில் வேலை பார்க்கும் ஒடியத் தொழிலாளியின் சம்பளச் சீட்டை ஒரு பிரதியாக வாசிக்க முடியுமா என்ற கேள்வி கொஞ்ச காலமாகவே என்னிடம் இருந்துவருகிறது. நாவலையும் கல்வெட்டையும் கட்டுடைக்கிற நாம் இந்தச் சீட்டைத் தொட்டதில்லை. அதில் இருப்பது நான்கைந்து வரிகள்தான். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800, இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 113. இதுபோகத் தொழில் வரி. ஆக மாதம் 1,900 ரூபாய்க்கு மேல் கைக்கு வருமுன்பே போய்விடுகிறது. வருமான வரி என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு. அந்தக் கோட்டை வைத்துத்தான் 'நாங்க வரி கட்டுறோம், இவங்க அனுபவிக்கிறாங்க' என்ற நடுத்தர வர்க்கச் சொல்லாடல் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில், இங்கே வசிக்கிற ஒருவர் ஆண்டுக்கு 12 லட்சம் வருமானம் வரை வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்றானது. அந்தச் சொல்லாடல் அதற்குப் பிறகும் மாறியதாகத் தெரியவில்லை.

வரம்பு என்பது இரண்டு திசையில் வேலை செய்கிறது. வருமான வரியில் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு விலக்கு. வருங்கால வைப்பு நிதியில் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டாயம். மேலே புதிதாக வேலைக்குச் சேருகிறவர் விலகி நிற்கலாம். ஒரே ஆள் ஒரு சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவராகவும் இன்னொரு சட்டத்தின் பிடிக்குள் இருப்பவராகவும் ஆகிறார். தொழில் வரியோ இரண்டிலும் சேராது. தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அது தொடங்குகிறது, அதாவது மாதம் 3,500. படிகள் 75,000 ரூபாயோடு முடிந்துவிடுகின்றன. மாதம் 12,500-க்கு மேல் ஐந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்குகிறவரும் ஐந்து லட்சம் வாங்குகிறவரும் கட்டுவது ஒரே தொகை. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இந்த வரி போடக் கூடாது என்று 1988-ல் திருத்தப்பட்ட அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு சொல்வதால், அந்தத் தடை யாரைக் காக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கோடு போடும் பழக்கம் 1860-ல் தொடங்குகிறது. 1857 எழுச்சியை அடக்கிய செலவை ஈடுகட்ட ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த முதல் வருமான வரிச் சட்டம் ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் கீழே இருந்தவர்களை விட்டுவிட்டது. 200-லிருந்து 500 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதிய குறிப்பு பத்திரிகையில் வெளியாக, அவரை லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஏழைக்காகப் பேசினார் என்று அவருக்கு மாலை போட வேண்டாம். ராஜ்ஜியம் மறுபடி தீப்பிடிக்கும் என்ற பயமும் அதில் இருந்தது.

ஆனால் இடம்பெயர்ந்த ஏழைக்கு வேறு கணக்கு. அவரிடம் வருமானத்தைப் பார்த்து வரி வாங்கவில்லை, அவர் அங்கே இருப்பதற்காக வாங்கினார்கள். நேட்டாலில் 1895-ம் வருடச் சட்டம், ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் தங்கிவிடுகிற கூலி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும் என்றது. நேட்டால்காரர்கள் முதலில் கேட்டது 25 பவுண்டு. வைஸ்ராய் எல்ஜின் பேரம் பேசி மூன்றுக்குக் கொண்டுவந்தார். ஒப்பந்தக் கூலியின் தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அப்படியானால் 3 பவுண்டு ஆறு மாதக் கூலி! பின்னால் 16 வயதுப் பையன்களையும் 13 வயதுப் பெண்பிள்ளைகளையும் அதில் சேர்த்தார்கள். 1913 வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கையே இந்தத் தலைவரியை நீக்குவதுதான்; 1914-ல் அது போனது. நம் பாடப் புத்தகத்தில் தில்லையாடி வள்ளியம்மை இருக்கிறார், 3 பவுண்டின் கணக்கு இல்லை. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களில் கணிசமானோர் வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள். கும்மிடிப்பூண்டியும் பொன்னேரியும் அன்று செங்கல்பட்டு ஜில்லாதான். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல். வெளியே போன கூலிகளின் மண்ணிலேயே இன்று வந்த கூலிகள் நிற்கிறார்கள் என்பதை 'வடக்கத்தியான் வந்துட்டான்' என்று மேடையில் பேசுகிற நம் நண்பர்கள் ஒருதரம் யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை, 5,25,000 பேரைக் கேட்காமலே இந்தியாவுக்கு ஒதுக்கிய அநீதி என்று நாம் சரியாகவே சொல்லிவருகிறோம். அந்த ஆவணத்தில்கூட ஒரு சரத்து உண்டு: திரும்புகிறவர்கள் சேமநிதியும் பணிக்கொடையும் உட்படத் தங்கள் சொத்தை எடுத்துச் செல்லலாம், ஒரு குடும்பம் கொண்டுபோகும் தொகையின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பிடித்தம் எல்லை தாண்ட வேண்டும் என்று இரண்டு அரசுகள் எழுதிவைத்த வரி அது. எவ்வளவு பேருக்கு அது ஒழுங்காக வந்து சேர்ந்தது என்பது வேறு கதை. எழுதவாவது செய்தார்கள். பலாங்கீரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வருகிறவருக்கு எழுதப்பட்டது என்ன?

1952-ம் வருட வருங்கால வைப்பு நிதிச் சட்டம் சிமெண்ட், சிகரெட், இன்ஜினியரிங், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி என்ற ஆறு தொழில்களுக்கு வந்தது. சம்பள வரம்பு 300 ரூபாய். 1994-ல் 5,000, 2001-ல் 6,500, 2014 செப்டம்பரில் 15,000. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் அது அசையவே இல்லை. அந்தச் சட்டம் கற்பனை செய்த தொழிலாளி ஒரே மில்லில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, கணக்கை முடித்துக்கொண்டு போகிறவர். கோவையிலும் பின்னி ஆலையிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். சங்கங்களின் மொழியும் அந்த ஆளை வைத்தே உருவானது. நடவுக்கும் அறுவடைக்கும் நடுவே நாலைந்து மாதம் வந்து உலையடியில் நின்றுவிட்டுப் போகிறவர், அடுத்த முறை வேறொரு காண்டிராக்டரிடம் வேறொரு கேட்டில் நுழைகிறவர், அந்தக் கற்பனையில் இல்லை.

1995 நவம்பர் 16-ல் வந்த ஓய்வூதியத் திட்டம் இந்த இல்லாமையை எண்களாக்கியது. முதலாளி கட்டும் 12-ல் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். 10 ஆண்டுச் சேவை இருந்தால் பென்ஷன். அதற்குக் குறைவானால் ஒரு அட்டவணைப்படி கையில் கொடுத்துவிடுவார்கள். ஆறு மாதத்துக்குக் குறைவானால் அந்தக் கணக்கில் எதுவும் கிடையாது. 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் மாதம் 1,250. ஐந்து மாதம் நின்றுவிட்டுப் போனவர் விட்டுப்போனது 6,250. 2024 ஜூனில் இந்த விதியைத் திருத்தியபோது மத்திய அரசே சொன்னது: 2023-24-ல் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் மனுக்கள் ஆறு மாதச் சேவை இல்லை என்று நிராகரிக்கப்பட்டிருந்தன. 1995-லிருந்து 2024 வரை 29 ஆண்டுகள்! மனுப் போடத் தெரியாமலே ரயிலேறியவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். 'அது சேமிப்புதானே, வரி இல்லையே' என்று என்னிடம் ஒரு சங்கத் தோழர் சொன்னார். திரும்பி வந்தால் சேமிப்பு. ஊர் மாறுகிறவருக்குத் திரும்பி வராதது வரி. அதுவும் வரம்பே இல்லாத வரி.

வருமான வரிச் சட்டமும் 2015 ஜூனில் இந்த இடத்தில் வந்து சேர்ந்தது. ஐந்தாண்டுக்கு முன் பி.எஃப். பணத்தை எடுத்தால் 10 சதவீதம் பிடித்தம். பான் எண் இல்லாவிட்டால் உச்ச விகிதத்தில், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். முதலில் 30,000, அடுத்த ஆண்டிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைகளுக்கு இது பொருந்தும். வரி வரம்புக்குள் வராதவரிடம் பான் ஏன் இருக்கப்போகிறது? வருமானம் வரம்புக்குக் கீழே என்று எழுதிக்கொடுக்கும் 15ஜி படிவத்துக்கும் பான் வேண்டும். ஏழை என்று நிரூபிக்க முதலில் வரி செலுத்துகிறவராகப் பதிவாக வேண்டும் என்ற இந்த வட்டத்தை ஃபூக்கோ பார்த்திருந்தால் ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார். 2023 ஏப்ரலில் அது 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பான் இல்லாதவர்கள் பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரர்கள் என்பது எட்டு வருடம் கழித்து உறைத்திருக்கிறது.

இதே சிப்காட் நிலப்பரப்பில் வேறு வகை வெளிநாட்டவரும் உண்டு. மேய்ச்சல் நிலம் போகிறதென்று ஊர்மக்கள் போராடிய தேர்வாய்க்கண்டிகையில் பிரான்சின் மிஷலின் டயர் ஆலை. சற்றுத் தள்ளி ஜப்பானியக் கம்பெனிகள் இயங்கும் ஒரு தொழிற்பூங்கா. 2008 அக்டோபரில் வைப்பு நிதித் திட்டத்தில் 'சர்வதேசத் தொழிலாளர்' என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அவர்களுக்குச் சம்பள வரம்பு கிடையாது, முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம். 2010-லிருந்து 58 வயதுக்கு முன் பொதுவாக எடுக்கவும் முடியாது. கொடுமையாகத் தெரிகிறதா? இது பேரத்துக்கான ஆயுதம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் மென்பொருள்காரர்கள் அங்கே 40 காலாண்டு, அதாவது 10 ஆண்டு, நிறைவு செய்யாததால் கட்டிய பணத்தை இழக்கிறார்கள் என்பது டெல்லியின் நெடுங்காலக் குறை. அதனால் நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட நெருக்கடி கொடுத்தார்கள். பிரான்சோடு 2011 ஜூலையிலும், தென் கொரியாவோடு அதே ஆண்டு நவம்பரிலும், ஜப்பானோடு 2016 அக்டோபரிலும் ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. சொந்த நாட்டில் கட்டுகிறோம் என்ற சான்றிதழைக் காட்டினால் இங்கே பிடித்தம் இல்லை. இரண்டு நாட்டுச் சேவையையும் கூட்டிக்கொள்ளலாம். 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவையே சமத்துவத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. வாஷிங்டனில் அநியாயம் என்று முறையிட்ட அதே 10 ஆண்டு நிபந்தனையைத்தான் கும்மிடிப்பூண்டியில் ஒடிசாக்காரரிடம் நாம் காட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த ஊரிலேயே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றினார்கள். வைப்பு நிதித் திட்டம் வெளிநாட்டவரைப் பாஸ்போர்ட்டை வைத்து அடையாளம் காண்கிறது. முகாமில் பிறந்தவர்களில் பெரும்பாலோரிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது. பெயிண்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் தினக்கூலியாகப் போகிறவர்களுக்குச் சம்பளச் சீட்டே இல்லை. பிரதியாகக்கூட அவர்கள் நமக்குக் கிடைப்பதில்லை.

1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஒடிசாவில் 'தாதன்' என்று அழைக்கப்பட்ட, முன்பணத்தில் கூட்டிப்போகும் முறைதான் அதற்குக் காரணம். இடம்பெயர்வுப் படியாக மாதச் சம்பளத்தில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அதைத் தர வேண்டும் என்று அதில் இருந்தது. யார் வாங்கினார்கள் என்று விசாரித்துப் பார்த்திருக்கிறேன். இங்கே வாங்கிய ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டம், காண்டிராக்டர் இல்லாமல் தானாக வந்தவரையும் 18,000 ரூபாய் என்ற இன்னொரு வரம்புக்குள் சேர்த்துக்கொண்டது. அந்தப் படியை விட்டுவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், 2025 அக்டோபரில், வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு ஒரு முடிவெடுத்தது. வேலையை விட்டவர் ஓய்வூதியக் கணக்குப் பணத்தை எடுக்க இரண்டு மாதம் காத்திருந்தது போதாது, இனி 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அது. அந்த 36 மாதத்துக்குள் ஒரு உலைத் தொழிலாளி எத்தனை கேட் மாறியிருப்பார், எத்தனை செல்போன் எண் மாற்றியிருப்பார் என்பதைக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் சிம் கார்டு விற்கிறவரிடம் கேட்டால் சொல்வார்.