இரவல் சட்டையும் நன்றிக்கடனும்



நன்னெறிக் கல்விப் பாடத்தில் செய்ந்நன்றியைப் பற்றிப் பேசும்போது, ஒரு காற்பந்துக் குழுவின் சீருடை வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம்.

1897-ஆம் ஆண்டு, இத்தாலியின் தூரின் நகரில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் சிலர் கூடி ஜுவெண்டஸ் குழுவைத் தோற்றுவித்தனர். இலத்தீன் மொழியில் அப்பெயருக்கு இளமை என்பது பொருள். அவர்களது தொடக்ககாலச் சட்டை இளஞ்சிவப்பு நிறம். துவைக்கத் துவைக்க அந்தச் சாயம் வெளிறிப்போனது.

1903-இல் புதிய சீருடை தேவைப்பட்டது. குழுவிலிருந்த ஆங்கிலேயர் ஜான் சாவேஜ், இங்கிலாந்திலுள்ள தம் நண்பரின் உதவியை நாடினார். நாட்டிங்ஹாம் நகரவாசியான அந்நண்பர், 1862-இல் தோன்றிய நாட்ஸ் கவுண்டி குழுவின் ஆதரவாளர். எனவே அக்குழுவின் கறுப்பு வெள்ளைக் கோடிட்ட சட்டைகளையே அனுப்பி வைத்தார். இரவலாக வந்த நிறம் நிலைத்துவிட்டது. 1905-இல் ஜுவெண்டஸ் முதன்முறையாக இத்தாலிய வெற்றியாளர் பட்டத்தை வென்றது.

2011 செப்டம்பரில் ஜுவெண்டஸ் தனது புதிய விளையாட்டரங்கைத் திறந்தது. புகழ்பெற்ற குழுக்கள் எத்தனையோ இருக்க, தொடக்க ஆட்டத்திற்கு அது அழைத்தது யாரைத் தெரியுமா? அப்போது இங்கிலாந்தின் மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த நாட்ஸ் கவுண்டியைத்தான்! ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. சட்டை தந்த குழுவை 108 ஆண்டுகள் கழித்தும் அவர்கள் மறக்கவில்லை.

நம் பள்ளிக் குழுவுக்கு ஜெர்சி வாங்கித் தந்தவர் யாரென்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியவில்லையெனில், சொல்ல வேண்டியது நம் கடமை.